உங்களுக்குத் தெரியுமா? ஒரு பவுண்டுக்குப் போன படகு!

அடியில் கெட்டியான உடல், சுற்றிலும் காற்றடைத்த குழாய். உலகெங்கும் கடலோரக் காவல் படையினர் ஓட்டும் இந்த அதிவேகப் படகு உருவானது ஒரு பள்ளிக்கூடத்தில்! 1960-களில் வேல்ஸ் கடற்கரையில், ஒரு பழைய கோட்டைக்குள் இயங்கிய அட்லாண்டிக் கல்லூரியின் மாணவர்கள் ரப்பர் படகில் மீட்புப் பணிக்குப் போவார்கள். அலையில் அறைபட்டு, கூழாங்கல்லில் உரசி, படகின் அடித்துணி கிழிந்துகொண்டே இருந்தது. ஒட்டுப்போட்டு அலுத்துப்போய், அடியில் பிளைவுட் பலகையையே ஒட்டிவிட்டார்கள். தலைமை ஆசிரியர் டெஸ்மண்ட் ஹோர் முன்னாள் கடற்படை அட்மிரல், விடுவாரா? ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள்.

‘வி’ வடிவ அடிப்பாகம் அலையைக் கிழித்துப் போகும். குழாய்க்குள் தனித்தனி அறைகள்; ஒன்று ஓட்டையானாலும் படகு மிதக்கும். பெரிய கப்பலை ஒட்டி நிறுத்தும்போது குழாயே மெத்தை. வெயிலில் குழாய் நாளடைவில் நைந்துபோவதுதான் குறை.

1972-ல் பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கம் ‘அட்லாண்டிக் 21’ என்று கல்லூரியின் பெயரிலேயே இதைக் கடலில் இறக்கியது. காப்புரிமையை அந்தச் சங்கத்துக்கு ஹோர் விற்ற விலை, வெறும் 1 பவுண்டு. அந்தக் காசோலையையும் அவர் மாற்றவில்லை என்பார்கள்!