பத்தாண்டு ஆட்சியும் பறிபோகும் வளவும்

“இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்” என்பது நம் முன்னோர் மொழி. மடம் பிடுங்கப்படும் வழியையும், அதனைத் தடுக்கச் சட்டத்தில் உள்ள வழியையும் நம்மவருட் பலர் அறிந்திலர்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். தந்தையார் வைத்துச் சென்ற வீட்டையும் வளவையும் பார்த்துக்கொள்ளும்படி உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்துச் சென்றாராம். ஆண்டுகள் பன்னிரண்டு கழிந்தன. இப்பொழுது அவ்வுறவினர், “பத்து வருஷம் ஆண்டுவிட்டேன், இனி வளவு என்னுடையது” என்கின்றாராம். “ஐயா, சட்டம் இதற்கு இடங்கொடுக்குமா?” என்பதே மாணவரின் வினா.

இதற்கு விடை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் உண்டு. ஒருவர் ஒரு காணியைப் பத்தாண்டுகள் இடையீடின்றி, உரிமையாளரின் உரிமைக்கு மாறாக ஆண்டுவந்தால், உறுதி இல்லாமலே அதற்கு உரித்தாளர் ஆகலாம். முடிவில்லாத காணி வழக்குகளுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம்.

ஆனால் “மாறாக” என்னும் சொல்லிலேதான் முழு நுட்பமும் தங்கியிருக்கின்றது. வாடகை கொடுத்தவரும், விளைவிற் பங்கு கொடுத்தவரும், பிறர் உரிமையை ஏதேனும் ஒரு செயலால் ஒப்புக்கொண்டவரும் இவ்வுரிமை கோரமுடியாது. உரிமையாளரின் அனுமதியோடு புகுந்தவர், வெளிப்படையான செயலால் அவர் உரிமையை மறுத்தாலன்றி, எத்தனை ஆண்டு இருந்தாலும் காவலாளரே. இதனை 1903ஆம் ஆண்டிலேயே கோமறைக் கழகம் தெளிவாக்கிற்று. கூட்டுரிமையாளருள் ஒருவரின் ஆட்சி எல்லோருடைய ஆட்சியுமாகும் என்று 1911இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. ஆதலால், அண்ணன் குடியிருந்தான் என்பதால் மட்டும் தங்கையின் பங்கு போய்விடாது.

பராயமடையாதோர், சித்த சுவாதீனமற்றோர், கடல் கடந்து வாழ்வோர் ஆகியோருக்கும் சட்டம் காப்பளிக்கின்றது. வழக்கிடும் உரிமை தோன்றும்போதே அந்நிலையில் இருந்தவருக்கு எதிராகப் பத்தாண்டுக் கணக்கு ஓடாது. ஆயினும் முப்பது ஆண்டு எதிர் ஆட்சி இக்காப்பையும் முறித்துவிடும். போர்க்காலத்தில் ஊர்விட்டு ஓடியோரின் நிலைகண்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் சேர்க்காதிருக்க 2016இல் ஒரு விசேட சட்டமும் இயற்றப்பட்டது. அரச காணிக்கோ எத்தனை ஆண்டு ஆண்டாலும் ஆட்சியுரிமை பிறவாது.

பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் ஓராண்டுக்குள் ஆட்சியை மீட்க வழக்கிடலாம். அமைதி குலையும் அபாயம் இருப்பின், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் ஆரம்ப நீதிமன்றை நாடலாம். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் இவ்வழியை நாடுவோர் ஆட்சியைத் திரும்பப் பெறலாம். ஆட்களைத் திரட்டிப் பூட்டை உடைத்து வேலியைப் பிடுங்குவது உரிமையாளருக்கும் அழகன்று. அது அவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும்.

மாணவருக்கு நான் எழுதிய விடை இதுதான்: “தம்பி, வளவு இன்னும் உன்னுடையதே. ஆனால் ‘என்னுடையது’ என்று அவர் வெளிப்படையாகச் சொன்ன நாளிலிருந்தே எண்ணிக்கை தொடங்கியது என ஒருநாள் வாதிடக்கூடும். அக்காலத்திற் சாட்சிகள் இறந்துபோவர், கடிதங்களைக் கறையான் தின்றுவிடும். ஆகவே இன்றே நல்ல வழக்கறிஞர் ஒருவரைக் காண்பாயாக.”

வாசகர்களே, வீட்டை ஒருவரிடம் விட்டுச் செல்லும்போது, அனுமதியின்பேரில் இருக்கின்றார் என்பதை அவர் ஒப்பத்துடன் எழுதிவாங்குங்கள். சிறு தொகையேனும் வாடகை பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். உறுதியையும் சோலைவரிச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். உறவினரிடம் எழுத்துக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. அவ்வுறவு நெடுநாள் நிலைக்க இடும் வேலியே அது.