புது கார்டு போட்டும் காற்றாலை ஓடலையா? பின்னாடி இருக்கும் பேக்பிளேனைப் பாருங்க!

பல்லடம், உடுமலை காற்றாலைகளுக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் 'சீசன்'. 250 கிலோவாட் காற்றாலை முழுத் திறனில் ஓடினால் மணிக்கு 250 யூனிட். ஒருநாள் நின்றால் 6,000 யூனிட் வரை போச்சு.

பேக்பிளேன் என்றால் என்ன?

சில கன்ட்ரோல் பேனல்களில் கார்டுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். அவற்றின் பின்னால் இருந்து மின்சாரத்தையும் சிக்னலையும் பகிர்ந்து தரும் போர்டுதான் பேக்பிளேன். அதில் ஒரு பின் வளைந்தாலோ, ஈரத்தில் துரு ஏறினாலோ, திரையில் 'கார்டு கோளாறு' என்றே வரலாம். புது கார்டு வாங்கிப் போட்டும் எரர் போகாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பவர் சப்ளை வோல்டேஜைப் பார்க்கணும். சரியாக இருந்தால், மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, ஒரே மாடல், ஒரே செட்டிங் உள்ள இரண்டு கார்டுகளை இடம் மாற்றணும். கோளாறு கார்டோடு நகர்ந்தால், கார்டுதான் பழுது. பழைய ஸ்லாட்டிலேயே நின்றால், பேக்பிளேனையும் அந்த ஸ்லாட்டுக்கு வரும் ஒயர்களையும் சோதிக்கணும்.

மாற்றும்போது என்ன கவனிக்கணும்?

கழற்றும் முன் ஜம்பர், ஸ்விட்ச் நிலைகளையும் கேபிள் எண்களையும் போட்டோ எடுத்துக்கொள்வது அவசியம். புது போர்டில் கார்டுகளைச் செருகும் முன்பே வோல்டேஜை அளந்துவிடணும்.

சீசன் அவசரத்தில் பலர் தவிர்க்க நினைப்பது கடைசி வேலையை: எமர்ஜென்சி ஸ்டாப், அதிவேகப் பாதுகாப்பு சோதனை. இறக்கையை நிறுத்தச் சொல்லும் சிக்னலும் இதே போர்டு வழியாகப் போகலாம் என்பதால், அதைச் சோதிக்காமல் காற்றாலையை ஓடவிடவே கூடாது.