உங்களுக்குத் தெரியுமா? – மீசை, மஞ்சள், மார்க்கெட்டிங்

மாசித் தேர் நோம்பி நெருங்கினால் காரமடை பியூட்டி பார்லர்களில் நூலுக்கு ஓய்வில்லை. ஒரு முனை பல்லில், மறுமுனை விரலில். முறுக்கிய நூல் நகர நகர, உதட்டின்மேல் இருக்கும் பூனைமுடி வேரோடு வரும், கூடவே கண்ணீரும். ஆளுக்குப் பத்து நிமிஷம் காத்திருக்கையில் படிக்கச் சில சேதிகள்:

★ காரமடைத் தோட்டத்துக் கறிவேப்பிலை, தலைமுடி வளர எண்ணெயில் காய்கிறது. மஞ்சளோ முகமுடி உதிரப் பூசப்படுகிறது. இரண்டும் கொங்கு மண்ணில் விளைபவை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

★ மஞ்சள் பூசினால் முடி வளராது என்று அம்மிச்சி சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கலாம். மஞ்சளின் பங்காளிக் கிழங்கு ஒன்றின் எண்ணெயைத் தாய்லாந்தில் பெண்களின் அக்குளில் பூசிப் பார்த்தார்கள். முடி வளரும் வேகம் குறைந்தது. சமையல் மஞ்சளுக்கு அது சான்று ஆகாது.

★ பெண்களுக்கென்றே ஜில்லெட் ரேஸர் வந்தது 1915-இல். கையில்லாத உடை அமெரிக்காவில் ஃபேஷனாகிக்கொண்டிருந்த நேரம். அக்குள் முடி அசிங்கம் என்று விளம்பரங்கள் சொல்லத் தொடங்கின, ரேஸர் விற்றது.

★ 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற ‘கோரெம்லு’ என்ற முடிநீக்கும் கிரீமில் இருந்தது தாலியம், அதாவது அந்தக் காலத்தில் எலி மருந்தில் போட்ட நஞ்சு. பூசிய பெண்கள் சிலருக்குத் தலைமுடி கொட்டியது, கை கால் விளங்காமல் போனது. அழகுப் பொருட்களுக்கு அங்கே 1938-இல் சட்டக் கடிவாளம் விழ இதுவும் ஒரு காரணம்.

★ மழித்தால் முடி தடித்து வளரும் என்பது கட்டுக்கதை. மில்ட்ரட் டிராட்டர் என்ற உடற்கூறியல் ஆய்வாளர் 1928-லேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவுதான்.

★ தாடையில் திடீரென்று தடித்த முடி முளைத்து, மாதவிலக்கும் தள்ளிப்போனால் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அதற்குப் போகவேண்டிய இடம் பார்லர் அல்ல, டாக்டர்.

★ 2024-இல் உத்தரப் பிரதேசப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநில முதலிடம் பிடித்த மாணவியின் மீசையைச் சமூக ஊடகங்கள் கேலி செய்தன. ‘கேலிக்குப் பயந்து எங்கள் ரேஸரை எடுக்காதே’ என்ற பொருளில் பாம்பே ஷேவிங் கம்பெனி முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. ஆறுதலிலும் ரேஸர் விளம்பரமா என்று பலர் கடிந்துகொண்டார்கள். அந்தப் பிள்ளை வாங்கிய மதிப்பெண் 600-க்கு 591; அதைப் பேசியவர்கள்தான் குறைவு.