சுளுக்கு அல்ல, சில்லு விலகல்

ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து ஊர்த் திடல்களில் கபடி ஆடும் பிள்ளைகள் இதைப் பார்த்திருப்பார்கள். ரெய்டு போனவன் ஒரு காலை ஊன்றி உடம்பைச் சட்டெனத் திருப்புவான். 'டக்'கென்று ஒரு சத்தம். முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுவான். காலை நீட்டியதும் வலி பாதி குறையும். "சுளுக்குத்தான், உருவிவிட்டா சரியாப் போயிடும்" என்று யாராவது எண்ணெயோடு வருவார்கள். தயவுசெய்து அந்தக் கையைத் தடுத்துவிடுங்கள்.

முட்டிச் சில்லு வெளிப்பக்கமாக விலகி, கால் நீண்டபோது தானாகவே திரும்பியிருக்கலாம். தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு. முட்டி 20, 30 பாகை மடங்கிய பிறகே சில்லு அதற்குள் இறங்கி நிலைகொள்ளும். அதற்கு முன்புவரை அதை முக்கியமாகப் பிடித்திருப்பது உட்புறத்து மெல்லிய ஜவ்வு ஒன்றுதான். சில்லு முழுதாக விலகினால் ஏறக்குறைய எல்லோருக்கும் அது கிழிகிறது. குருத்தெலும்புத் துண்டு உடைந்து மூட்டுக்குள் மிதக்கவும் கூடும். சில மணி நேரத்தில் முட்டி பெரிதாக வீங்கினால், உள்ளே ரத்தம் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு கைப்பழக்கம் உள்ள வைத்தியரானாலும் உடைந்த துண்டை விரலால் தடவி அறிய முடியாது. எக்ஸ்ரே வேண்டும், சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையும், 2022இல் தொடங்கிய நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சில்லு இன்னும் விலகியே நின்றால் தள்ளிப் பார்க்காமல், கால் அசையாதபடி அணைகொடுத்துக் கூட்டிப்போங்கள்.

முதல் விலகல் பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள் வருகிறது. பள்ளம் ஆழமில்லாதவர்கள், மூட்டு தளர்ந்தவர்கள், முட்டிகள் ஒட்டி நிற்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஃபுளோரைடு மிகுந்த நீர் குடித்த நல்கொண்டா இளையோரிடம் இந்த முட்டிக் கோணலை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 1973இல் பதிவு செய்தார்கள். நம் வட்டாரத்திலும் சில ஊர்களின் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் இங்கே சில்லு விலகுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் கால் அப்படி வளைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

துண்டு உடையாத முதல் விலகலுக்குப் பொதுவாக அறுவைசிகிச்சை தேவைப்படாது. சில வாரம் உறை, பிறகு தொடைக்கும் இடுப்புக்கும் மாதக்கணக்கில் பயிற்சி. வலி போனதும் பயிற்சியை விட்டுவிடுவதைத்தான் நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன். பெண் பிள்ளை என்றால் விளையாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். தொடை மெலிந்தால் சில்லுக்குப் பிடிமானம் இன்னும் குறையும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் விலகுகிறது. வயது குறையக் குறைய அது கூடும். அப்படித் திரும்பத் திரும்ப விலகினால், தொடையின் பின்புறத் தசைநாண் ஒன்றை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துவார்கள். பழைய ஜவ்வு ஒட்டியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே எலும்பு வளரும் தட்டு இருப்பதால், வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இதில் அனுபவமுள்ளவரிடமே போக வேண்டும்.