உப்புக் குறைப்பும் உடல் இளைப்பும்

உடல் பருமனைக் குறைக்க முயல்வோருக்குக் கூறப்படும் ஆலோசனைகளுள் உப்பைக் குறைத்து உண்பதும் ஒன்று. அதன்படி ஒரு வாரம் நடந்து, பின்னர் எடைபார்க்கும் கருவியில் ஏறி நிற்பவர், எடை ஒரு கிலோ அளவுக்குக் குறைந்திருக்கக் கண்டு மகிழ்வதுண்டு. ஆயின், அடுத்த வாரங்களில் கருவியின் முள் நகர மறுக்கிறது. அவர் மனஞ்சோர்ந்து பழைய உணவுக்குத் திரும்புகிறார். இழந்த எடையும் சில நாட்களிலேயே திரும்பிவிடுகிறது. உப்பைக் குறைத்தது வீண் முயற்சி என்று அவர் முடிவு செய்கிறார். இம்முடிவு தவறானது, சில வேளைகளில் உயிருக்கே கேடு விளைவிப்பது. இதன் காரணத்தை மக்களுக்கு விளக்கிக் கூறும் பொறுப்பு சுகாதார ஊழியர்களையும் ஆசிரியர்களையும் சார்ந்தது.

உப்பும் நீரும்

நாம் உண்ணும் உப்பு சோடியமும் குளோரினும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். 1 கிராம் உப்பில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் உள்ளது. உயிரணுக்களுக்கு வெளியே உள்ள உடல்நீர், ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைந்த நீருக்கு ஒப்பான செறிவுடையது. இச்செறிவு மாறாதிருக்கும்படி சிறுநீரகங்கள் இடைவிடாது காத்து வருகின்றன. ஆகவே, உடலில் உப்பு மிகுந்தால் அதற்கேற்ற நீரும் உடலில் தங்குகிறது. உப்பு வெளியேறினால் அந்நீரும் உடன் வெளியேறுகிறது. 9 கிராம் உப்பு நீங்கினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், அதாவது ஒரு கிலோ எடை, குறையும்.

உப்பைக் குறைத்த சில நாட்களில் உடல் புதியதொரு சமநிலையை அடைந்துவிடுகிறது. அதன்பின் உப்பின் காரணமாக எடை மேலும் குறைவதில்லை. முதல் வாரத்தில் நீங்கியது நீரேயன்றிக் கொழுப்பு அன்று. உப்பில் கலோரி இல்லை. எனவே அதை நீக்குவதால் மட்டும் கொழுப்பு கரைய வழியில்லை. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி ஆற்றல் சேமிக்கப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்பவருக்கு அது கரைய 15 நாட்கள் ஆகும். இவ்வழி மெதுவானது, ஆனால் கொழுப்புக் குறைய வேறு குறுக்குவழி கிடையாது.

டர்ஹாம் நகரத்து அரிசி உணவு

உப்புக் குறைந்த உணவினால் பெரும் எடைக் குறைவு கண்டதாகப் புகழ்பெற்ற சிகிச்சை ஒன்று உண்டு. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய மருத்துவர் வால்டர் கெம்ப்னர் 1939-ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை ஆகியவையே அவ்வுணவின் முக்கியப் பகுதிகள். அதில் நாளொன்றுக்குச் சோடியம் 150 மில்லிகிராமுக்கு மேற்படாது. அதாவது உப்பு அரை கிராமுக்கும் குறைவு. இது முதலில் பருமனுக்காக ஏற்பட்ட சிகிச்சை அன்று. சிறுநீரக நோயும் கடுமையான இரத்த அழுத்தமும் உடையவர்களுக்காகவே வகுக்கப்பட்டது. நோயாளி விதிப்படி உண்கிறாரா என்பதைச் சிறுநீரிலுள்ள குளோரைடின் அளவைக் கொண்டு கெம்ப்னர் சோதித்தறிந்தார்.

பிற்காலத்தில் இவ்வுணவு, கலோரி கடுமையாகக் குறைக்கப்பட்டு, மிகுந்த பருமனுடையோருக்கும் அளிக்கப்பட்டது. 45 கிலோவுக்குக் குறையாமல் எடை இழந்த 106 பேரைப் பற்றிய அறிக்கை 1975-இல் வெளியாயிற்று. அவர்கள் இழந்த எடையின் சராசரி 63.9 கிலோ. வியப்பூட்டும் இவ்வெண்ணைப் படிப்போர் இரண்டு உண்மைகளை மறத்தல் கூடாது. முதலாவது, இவர்கள் வெற்றி கண்டவர்களாகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவ்வளவு இளைக்காதவர்கள் இக்கணக்கில் சேரவில்லை. இரண்டாவது, உடற்பயிற்சியும் மருத்துவரின் அன்றாடக் கண்காணிப்பும் சிகிச்சையின் பகுதிகளாக இருந்தன. கொழுப்பைக் கரைத்தது கலோரிக் குறைப்பும் உடலுழைப்புமே, உப்பின்மை அன்று. வீட்டில் தாமாகவே பின்பற்றத்தக்க உணவும் அன்று இது.

பெங்களூருவின் கணக்கு

நம் நாட்டு மக்கள் எவ்வளவு உப்பு உண்கின்றனர்? இதற்கு விடை தந்தது பெங்களூருவிலுள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த, தேசிய நோய்த் தகவல் மற்றும் ஆராய்ச்சி மையம். 2017-18-இல் அம்மையம் தொற்றாநோய்கள் பற்றிய தேசிய ஆய்வு ஒன்றை நடத்திற்று. அதில் 3,000 பேரின் சிறுநீர் சோதிக்கப்பட்டு, அதிலுள்ள சோடியத்தைக் கொண்டு உண்ட உப்பின் அளவு கணிக்கப்பட்டது. மனிதர் தம் உணவைப் பற்றிக் கூறுவதில் தவறு நேரலாம்; சிறுநீரோ அதனை மறைப்பதில்லை.

2023-இல் வெளியான முடிவின்படி, நாளொன்றுக்குச் சராசரி உப்பு 8 கிராம். ஆண்களிடையே 8.9 கிராம்; பெண்களிடையே 7.1 கிராம். உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு 5 கிராமுக்குக் குறைவு. பருமனுடையோரிடம் இவ்வளவு 9.2 கிராமாகவும், இரத்த அழுத்தம் மிகுந்தோரிடம் 8.5 கிராமாகவும் இருந்தது. இதைக் கொண்டு உப்பே பருமனை உண்டாக்கிற்று என்று கூறலாகாது. மிகுதியாக உண்பவர் உணவோடு உப்பையும் மிகுதியாகவே உட்கொள்கிறார். மேலும், வறுத்த கடலை, கோடுபளே, அப்பளம், சிப்ஸ் போன்றவற்றில் உப்பும் எண்ணெயும் ஒருங்கே உள்ளன. அவற்றைக் குறைப்பவருக்கு இரு நன்மைகளும் ஒரே வேளையில் கிட்டும்.

இரு அளவுகோல்கள்

எடை குறையாவிடினும் உப்புக் குறைப்பு பயன் தருமா? அமெரிக்காவில் 412 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான சோதனை இதற்குத் தெளிவான விடை தருகிறது. அதில் எடை மாறாதபடி உணவு அளிக்கப்பட்டு, உப்பு மட்டும் மூன்று அளவுகளில் மாற்றப்பட்டது. உப்புக் குறையக் குறைய இரத்த அழுத்தமும் குறைந்தது. முதியோரிடம் நடந்து 1998-இல் வெளியான மற்றொரு சோதனையில், பருமனுடையோருள் உப்பையும் எடையையும் ஒருங்கே குறைக்க முயன்றவர்கள் மிகுந்த நன்மை அடைந்தனர்.

ஆகவே, உப்புக் குறைப்பின் பயனை எடைக் கருவியில் தேடுதல் தவறு. அதனை இரத்த அழுத்தமானியிலேயே காண வேண்டும். எடை நகரவில்லையென்று உப்பை மீண்டும் கூட்டுபவர், பக்கவாதத்தையும் இதய நோயையும் தடுக்கும் ஒரு காப்பைத் தாமே இழந்தவராகிறார்.

செய்யத்தக்கவை

ஊழியர்கள் வீடுகளுக்குச் செல்லுகையில் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்தலாம். நால்வர் உள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 20 கிராம் உப்பே வரம்பு. ஆகவே, 1 கிலோ உப்புப் பொட்டலம் 50 நாட்களுக்கு வர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுமாயின் அளவு மிகுந்திருக்கலாம். ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, உணவு விடுதிப் பண்டங்கள் ஆகியவற்றால் சேரும் உப்பு இக்கணக்குக்குப் புறம்பானது. நம் வீடுகளில் உப்பின் பெரும்பகுதி சமையலில் இடப்படுவதால், குறைக்கும் வழியும் சமையலறையிலேயே உள்ளது. உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி ஆகியவை சுவைக்குத் துணை செய்யும்.

உப்பைக் குறைப்பது என்றால் அயோடின் கலந்த உப்பைக் கைவிடுவது என்று பொருளன்று. உண்ணும் சிறிதளவு உப்பும் அயோடின் கலந்ததாகவே இருத்தல் வேண்டும். சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பும் கடைகளில் கிடைக்கிறது. சிறுநீரக நோயுடையோருக்கு அது அபாயகரமானது. இரத்த அழுத்த மருந்துகள் சிலவற்றோடும் அது ஒவ்வாது. மருத்துவரைக் கேளாமல் அதனைப் பரிந்துரைக்கலாகாது. முதியோரும், சிறுநீரை மிகுவிக்கும் மருந்து உண்போரும், வெயிலில் வியர்வை சிந்த உழைப்போரும் உப்பை அறவே நீக்குவது ஆபத்து.

ஆசிரியர்கள் வகுப்பில் 5 கிராம் உப்பை நிறுத்துக் காட்டலாம். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியே. ஒருவருக்கு ஒரு நாளுக்கு உரிய உப்பு அனைத்தும் அதில் அடங்கும் என்பதை ஒருமுறை கண்ணால் கண்ட மாணவன், அச்செய்தியைத் தன் வீட்டுச் சமையலறைக்கும் கொண்டு செல்வான்.