பொங்கலுக்கு முன்பா, மாசியிலா? வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் காலம்

மாசி முதல் வாரம், காலை ஏழு மணி. திருச்சியை அடுத்த துவாக்குடியில் எங்கள் வீட்டின் வடக்குச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். மேல்தோல் கிழிந்து, கலங்கலாகத் தண்ணீர் விரல் வழியே மணிக்கட்டு வரை இறங்கியது. மழை விட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. பெயிண்ட் அடித்து முழுதாக ஐம்பது நாள் ஆகவில்லை. பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று மார்கழி நடுவில் ஆளைக் கூப்பிட்டு, அவசரப்படுத்தி அடித்த பெயிண்ட் அது.

வேலை செய்தவர் நல்ல தொழிலாளி. பக்கெட்டில் இருந்ததும் போலிச் சரக்கு அல்ல. காலம்தான் தவறு, அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்தது நான். இதே தவறை எங்கள் தெருவில் மட்டும் வருடத்துக்கு நாலைந்து வீடுகளில் பார்க்கிறேன். ஒரு மாதம் பொறுத்திருந்தால் மிஞ்சியிருக்கும் பணம் சுவரோடு உரிந்து தரையில் கிடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தில் பிழை இல்லை. அது சுண்ணாம்புக்கு ஏற்பட்ட வழக்கம். கிளிஞ்சலோ கல்லோ சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, சுவரில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டுதான் அது இறுகுகிறது, அதற்கு ஈரம் வேண்டும். இறுகிய பிறகும் அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். சுவருக்குள் மிச்சமிருக்கும் மழை ஈரம் அந்தத் துளைகள் வழியே ஆவியாகிப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் மட்டையும் நீலமும் வாங்கி வெள்ளையடித்த நம் பாட்டிமார் கணக்கில் ஒரு பிசகும் கிடையாது.

இன்று நாம் அடிப்பது சுண்ணாம்பு அல்ல, அக்ரிலிக் எமல்ஷன். அதற்கு அடியில் பட்டி, பிரைமர். இது சுவருக்குப் போர்த்தும் மெல்லிய பிளாஸ்டிக் தோல். வெளியிலிருந்து வரும் மழையைத் தடுக்கும். உள்ளே இருக்கும் ஈரத்தை அவ்வளவு எளிதில் வெளியே விடாது. தை வெயில் சுவரில் பட்டதும் ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும், தோல் வழிவிடாது, உப்பும். ஈரத்தோடு செங்கல்லிலும் கலவையிலும் உள்ள உப்பும் நகர்ந்து வந்து தோலுக்கு அடியில் பூக்கும். பிறகு செதில் செதிலாக உதிரும். பொருள் மாறிவிட்டது, நாள்காட்டியை நாம் மாற்றவில்லை.

திருச்சிப் பக்கத்து வானிலையை வைத்துப் பார்த்தால் கணக்கு எளிது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த இரண்டரை மாதத்தில்தான் விழுகிறது. அதுவும் வடக்கு, கிழக்குச் சுவர்களில் சாய்வாக அடிக்கும். கிழக்குச் சுவருக்குக் காலை வெயிலாவது உண்டு. வடக்குச் சுவருக்கு மார்கழியில் நேர் வெயிலே கிடையாது, ஏனென்றால் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. ஆக, அதிகம் நனைந்த சுவர்தான் கடைசியாகக் காய்கிறது. எங்கள் வீட்டில் உப்பியது வடக்குச் சுவர் என்பதில் வியப்பில்லை.

தை பிற்பாதி தொடங்கி மாசி, பங்குனி முதல் பாதி வரை, அதாவது பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் வெளிச்சுவர் பெயிண்டுக்கு நம் ஊரில் மிகச் சரியான காலம். மழை இல்லை, பனி குறைந்துவிடும், வெயில் இன்னும் கொதிக்கவில்லை. சித்திரையில் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தொடும். அப்போது மேற்குச் சுவரில் பிற்பகல் உருளையை ஓட்டினால், பெயிண்ட் பரவி ஒட்டுவதற்குள் மேல்பக்கம் காய்ந்துவிடும், பட்டை பட்டையாகத் தெரியும். வேறு வழியே இல்லாமல் கோடையில் செய்தால் நிழலைத் துரத்திக்கொண்டு போக வேண்டும்: மேற்குச் சுவரைக் காலையில், கிழக்குச் சுவரைப் பிற்பகலில். ஆனியும் ஆடியும் காற்று மாதங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று தஞ்சாவூர்ச் சாலைப் புழுதியையும் அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். அதைவிட முக்கியம், அந்தக் காற்றில் சாரத்தின் மேல் ஓர் ஆளை நிறுத்தக் கூடாது. பூசாத சுவருக்குக் கலர் ஷீட் அடித்து மறைக்கிறவர்களும் ஆடிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. பாதி முறுக்கிய திருகோடு நிற்கும் தகடு காற்றில் பிய்ந்தால் அடுத்த வீட்டில் போய்த்தான் விழும்.

பூச்சு வேலைக்குக் கணக்கு வேறு. சிமெண்ட் கலவைக்கு ஈரம் எதிரி அல்ல, உணவு. ஆவணியில் வெளிப்பூச்சு பூசி, குறைந்தது ஏழு நாள், இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்டாக இருந்தால் பத்து நாள், விடாமல் தண்ணீர் காட்ட வேண்டும். சித்திரையில் பூசி, காலையும் மாலையும் ஒரு தடவை குழாயைக் காட்டிவிட்டுப் போனால் போதாது. நடுவில் சுவர் வெளிறிக் காய்ந்து, சிலந்தி வலை போல மயிர் வெடிப்பு விழும். ஈரச் சாக்கைத் தொங்கவிடுவது பழைய முறைதான், இன்றும் அதைவிட நல்லது இல்லை. பூசிய சுவருக்கு ஒரு மழையைக் காட்டிவிட்டு மாசியில் பெயிண்ட் அடியுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. வெடிக்க வேண்டியது அதற்குள் வெடித்துவிடும், பூக்க வேண்டிய உப்பு பூத்துவிடும், இரண்டையும் சரிசெய்துவிட்டுப் பெயிண்டுக்குப் போகலாம். அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள்கூட புதுப் பூச்சுக்கு 28 நாளாவது கொடுக்க வேண்டும். அதற்குமுன் சுவரில் காரத்தன்மை மிக அதிகம், நிறத்தையே தின்றுவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மனை காலியாக இருக்கும்போதே அந்தப் பக்கத்துச் சுவரைப் பூசிப் பெயிண்டும் அடித்துவிடுங்கள். அங்கே வீடு எழும்பிவிட்டால் சாரம் கட்ட இடமே இருக்காது.

சுவர் காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டுப் பார்த்தால் தெரியாது, மேல்பக்கம் எப்போதும் காய்ந்ததுபோல்தான் இருக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். மாலையில் ஒட்டினால் மறுநாள் காலை, சுமார் 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ சுவர் தயாராகவில்லை. வடக்குச் சுவரின் அடிப்பகுதியிலும், கைப்பிடிச் சுவரிலும், சன்ஷேடு சேரும் மூலையிலும் கட்டாயம் ஒட்டிப் பாருங்கள். மாசியிலும் ஈரம் காட்டுகிறது என்றால் அது மழை ஈரம் இல்லை. தரையிலிருந்து ஏறும் ஓதமாகவோ குளியலறைக் குழாய்க் கசிவாகவோ இருக்கும். அதை அடைக்காமல் எந்த மாதத்தில் அடித்தாலும் நிற்காது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பெல் நிறுவனத்துக்காகவும் வெளியூர் ஆர்டர்களுக்காகவும் இரும்பு வேலை செய்யும் பட்டறைகள் இங்கே எத்தனை! பாய்லர் உறுப்புக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் ஷாட் பிளாஸ்டிங் செய்து துருவை நீக்குவார்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். உலோகத்தின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அந்த வேலையைத் தினமும் பார்க்கிற நாம்தான், வீட்டுக்கு வந்தால் மார்கழிப் பனியில் நனைந்த சுவரில் விடியற்காலையே உருளையை வைக்கச் சொல்கிறோம்.

இனி, பணம் கொடுத்தவரின் உரிமைகள். வீடு கட்டுவதும் கட்டுமான வேலையும் சேவையே, குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். காண்ட்ராக்ட் எடுத்துப் பெயிண்ட் அடித்தவர், பெயிண்ட் தயாரித்த நிறுவனம், விற்ற கடை என யார் பக்கம் குறையோ அவர்களை எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பல தகராறுகள் அங்கேயே பேசி முடிகின்றன.

ஆனால் ஆணையத்தில் எதிர்தரப்பு சொல்லும் முதல் பதிலை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: சுவரில் ஏற்கெனவே ஈரம் இருந்தது, எங்கள் பொருளில் குறையில்லை. 7 வருடம், 10 வருடம் என்று பக்கெட்டில் பெரிதாகப் போட்டிருக்கும் வாரண்டியின் நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் படித்துப் பாருங்கள். ஓதம், கசிவு, கட்டட வெடிப்பு ஆகியவற்றால் வந்த சேதம் பெரும்பாலும் அதில் சேராது. சொன்ன பிரைமர், சொன்ன எண்ணிக்கையில் பூச்சு, சொன்ன அளவு தண்ணீர் என்றும் இருக்கும். மார்கழியில் அடித்த எனக்கு வாரண்டி கேட்க வாயில்லாமல் போனது இதனால்தான்.

ஆகவே பாலித்தீன் தாள் ஒட்டிய காலையில், அது காய்ந்திருப்பதைத் தேதி தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். சுவருக்கான சோதனையே வழக்குக்குச் சான்றும் ஆகிறது. ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டு வாங்குங்கள். தள்ளுபடிக்காகத் துண்டுச்சீட்டோடு திரும்பாதீர்கள். காலி பக்கெட்டைக் கழுவிப் பாத்திரமாக்கும் முன், பேட்ச் எண்ணையும் கடை மெஷினில் நிறம் கலந்தபோது ஒட்டிய சீட்டையும் படம் எடுங்கள். கூலிக்காரரோடு வாய்ப்பேச்சு போதாது. ஒரு தாளில், சுவரைச் சுரண்டிக் கழுவுவது யார் பொறுப்பு, வெளிச்சுவருக்கு உகந்த பட்டி எது, எத்தனை பூச்சு, சதுர அடிக்கு என்ன கூலி, எந்த மாதம் தொடங்குவது, மழை வந்தால் என்ன செய்வது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கூலியில் ஒரு பங்கை வேலை முடிந்து சில வாரம் கழித்துத் தருவதாகவும் அதிலேயே எழுதலாம். இது தொழிலாளிக்கும் பாதுகாப்பு. "வேண்டாம் சார், இப்ப அடிச்சா நிக்காது" என்று அவர் சொல்லியும் வீட்டுக்காரர் வற்புறுத்தினால், அதையும் அவர் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

துவாக்குடியில் வாடகைக்கு இருப்பவர்கள் அதிகம். வெளிச்சுவர் ஒழுகினால் அது யார் செலவு என்ற சண்டையும் அதிகம். வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் கட்டடப் பழுதையும் சுவருக்கு வெள்ளையடிப்பதையும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கு முன், ஆவணியிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சுரண்டும் வேலையில் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல், குறிப்பாக ஜன்னல் கம்பியிலும் கேட்டிலும் இருப்பது, ஈயம் கலந்ததாக இருக்கலாம். உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், தூளைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

சாரத்தில் நிற்கிறவரைப் பற்றியும் ஒரு சொல். இடுப்பில் கயிறு இல்லாமல் மாடிச் சுவருக்கு ஆளை ஏற்றாதீர்கள். மின்கம்பி அருகே போகிறது என்றால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே சாரம் கட்ட வேண்டும். பெயிண்டர்களும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் சேரலாம், வயது 18 முதல் 60 வரை. விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. "அட்டை புதுப்பிச்சாச்சா அண்ணே?" என்று வேலை தொடங்கும் நாளில் கேளுங்கள். புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறைய.

எங்கள் வீட்டு வடக்குச் சுவரை அடுத்த பங்குனியில் முழுதாகச் சுரண்டினோம். சன்ஷேடுக்கு மேலே இருந்த வெடிப்பை அடைத்தோம். மழைக்காலம் முழுவதும் பெயிண்ட் இல்லாமல் விட்டு வைத்தோம். பொங்கலுக்கு வந்த உறவினர்கள் "இது என்னங்க கோலம்" என்று கேட்டார்கள். வாசலை மட்டும் சுண்ணாம்பு அடித்து, காவி தீட்டி அழகு செய்திருந்தோம். மாசி பத்தாம் தேதி காலை டேப்பை உரித்தேன், தாள் சலசலவென்று காய்ந்திருந்தது. ஆளை அதற்கு முந்தைய கார்த்திகையிலேயே சொல்லி வைத்திருந்தேன், ஏனென்றால் மாசி என்றால் நல்ல பெயிண்டர் கிடைப்பது கடினம்.