எழுத்தர் குடியின் பெயர்

சில நாள்களுக்கு முன் மாணவன் ஒருவன், 'கிளாக்கர்' என்பது எம்மொழிச் சொல் என வினவினான். ஆங்கிலச் சொல் என்று கூறி விட்டிருக்கலாம், மனம் ஒருப்படவில்லை. அச்சொல்லின் பின்னே சென்றேன். அது என்னை அயர்லாந்து தேசத்திலே ஒரு புலவர் குடியின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தியது.

'கிளேரிக்குஸ்' என்பது இலத்தீன். திருச்சபைப் பணியாளன் என்பது பொருள். இடைக்கால ஐரோப்பாவில் எழுத்தறிவு பெரும்பாலும் குருமாரிடத்தே இருந்தமையால், அச்சொல் எழுதுவோனையும் குறிப்பதாயிற்று. ஆங்கிலத்திற் 'கிளார்க்' ஆகி, நம் கந்தோர்களிலே கிளாக்கர் ஆயிற்று. அயர்லாந்திலோ அது 'கிளேரெக்' என வழங்கி, 9ஆம் நூற்றாண்டில் ஒரு மனிதனுக்கு இயற்பெயராகவும் அமைந்தது.

அவன் மேற்கு அயர்லாந்திலே, இன்றைய கோல்வே மாவட்டத்தின் தென்பாகமாகிய ஐனெ நாட்டுச் சிற்றரசர் குடியிற் பிறந்தவன். ஐரிஷ் மொழியில் 'ஓ' என்றாற் பேரன். கிளேரெக்கின் வழியினர் 'ஓ கிளேரி' எனப்பட்டனர். அக்குடியைச் சேர்ந்த ஐனெத் தலைவன் ஒருவன் 916இல் இறந்தமையை ஆண்டுக்குறிப்பு நூல்கள் கூறும். ஐரோப்பாவில் வழிவழி நிலைத்த குடும்பப் பெயர்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக இதனை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டுவர். நம்மவரிடத்துத் தந்தை பெயர் மகனோடு நின்றுவிடும். அங்கே, எத்தனை தலைமுறை கழியினும், பிறந்தவரெல்லாரும் அந்த ஒரு கிளேரெக்குக்கே பேரர்.

13ஆம் நூற்றாண்டில் நோர்மானியரான டி பர்கோ குடியினர் அந்நாட்டைப் பற்றிக்கொள்ள, ஓ கிளேரி குடி சிதறியது. பின்னர் அக்குடியிற் சட்டம் கற்ற கோர்மாக் என்பவர் வடமேற்கிலுள்ள டொனெகாலுக்குச் சென்றார். அங்கே ஓ டொனெல் என்னும் அரச குடிக்கு வரலாற்றுப் புலவராயிருந்தவர் ஓ ஸ்கிங்கின். அவர் குடியில் எஞ்சியவள் மகள் ஒருத்தியே. அவளைக் கோர்மாக்குக்கு மணஞ்செய்து கொடுத்தபோது அவர் விதித்த நிபந்தனை ஒன்று: முதலிற் பிறக்கும் ஆண்மகன் வரலாறு கற்றல் வேண்டும். கலியாணப் பேச்சிலே இப்படியொரு நிபந்தனையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நிபந்தனை நிறைவேறியது. சட்டம் கற்றவரின் வழியினர் வரலாற்றுப் புலவராயினர். பெயரும் தொழிலும் அப்பொழுதுதான் பொருந்தின எனலாம். டொனெகால் விரிகுடாவின் மேலே, கில்பரன் என்னுமிடத்துக் குன்றின் விளிம்பில், அவர்களுடைய கோட்டையின் இடிபாடு உண்டு.

இது நிற்க. 1601இல் கின்சேல் போரில் ஐரிஷ் வேந்தர்கள் தோற்றனர். 1607இல் ஓ டொனெல், ஓ நீல் குடித் தலைவர்கள் கப்பலேறினர். புரந்தவர் போயினர், புலவர் எஞ்சினர். அவருள் ஒருவரான மைக்கேல் ஓ கிளேரி, இன்றைய பெல்ஜியத்திலுள்ள லூவேன் நகரத்து ஐரிஷ் பிரான்சிஸ்கன் மடத்திற் சேர்ந்தார். பழஞ்சுவடி தேடுமாறு 1626இல் மடத்தார் அவரைத் தாய்நாட்டுக்கு அனுப்பினர். ஊரூராகத் திரிந்து ஏடுகளைப் படியெடுத்தார். 1632 ஜனவரி 22ஆம் நாள், டிரவுஸ் ஆற்றங்கரையிலே துணைவர்களுடன் அமர்ந்து, பிரளய காலம் முதல் 1616 வரையுள்ள அயர்லாந்தின் வரலாற்றை ஆண்டுவாரியாக எழுதத் தொடங்கினார். 1636 ஆகஸ்ட் 10இல் நூல் முற்றுப்பெற்றது. 'நால்வர் ஆசிரியர் ஆண்டுநூல்' என்று உலகம் அறிந்தது அதுவே. அருஞ்சொற்களுக்கு ஒரு நிகண்டும் செய்து 1643இல் லூவேனில் அச்சேற்றினார், அவ்வாண்டே மறைந்தார்.

அந்நால்வருள் மற்றோர் ஓ கிளேரியும் உளர். ஆங்கில நூல்கள் அவரைப் பெரகிரின் என்று எழுதும். அவர் டொனெகாலில் ஆண்டுக்கு 8 பவுண் வாரத்துக்குச் சிறு நிலம் வைத்திருந்தார். நூல் தொடங்கிய அதே 1632இல், மே மாதம், லிபர்டு என்னுமூரில் அரசாங்க விசாரணை நடந்தது. அவர் ஆங்கிலேய வழியினர் அல்லர், ஐரிஷ்காரர். ஆதலின் நிலம் அரசருக்கு உரியது என்பது தீர்ப்பு. ஐரிஷ்காரர் என்பதற்காக நிலம் பறிபோன ஆண்டிலே, அவர் ஐரிஷ்காரரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார்! இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்த அன்று நான் வேறொன்றும் படிக்கவில்லை.

பின்னாளிற் பெரகிரின் மேயோ மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தார். 1664ஆம் ஆண்டளவில் எழுதிய மரண சாசனத்திலே, தம் உடைமைகளுள் தமக்கு மிக அருமையானவை என்று புத்தகங்களையே குறித்து, அவற்றைத் தம் புதல்வர் இருவருக்கும் வைத்தார்.

நிலத்தை இழந்த குடி பெயரையும் இழந்தது. ஊர், நிறம், தொழில், பதவி இவற்றுள் ஒன்றால் ஆங்கிலப் பெயர் தரிக்குமாறு டப்ளினைச் சூழ்ந்த ஆங்கில ஆட்சிப் பகுதியின் ஐரிஷ்காரருக்கு 1465இலேயே சட்டம் பிறந்திருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பின்னர் நாடெங்கும் 'ஓ' உதிர்ந்தது. ஓ கிளேரி சிலரிடத்திற் கிளேரி ஆயிற்று. பலரிடத்திற் கிளார்க் ஆயிற்று. மொழிபெயர்ப்பிற் குற்றஞ்சொல்ல இடமில்லை. பொருள் பிழைத்தது, பாட்டன் போய்விட்டான். கிளார்க் என்று ஓர் அயர்லாந்துக்காரர் இருந்தால், அவர் முன்னோர் இங்கிலாந்திலிருந்து வந்தவரா, கிளேரெக்கின் பேரரா என்பதனைப் பெயரைக் கொண்டு துணிய இயலாது.

1916ஆம் ஆண்டு டப்ளினில் எழுச்சி செய்தோர் வெளியிட்ட குடியரசுப் பிரகடனத்தின் கீழ் ஏழு பெயர்கள் உள்ளன. முதலில் நிற்பது தோமஸ் கிளார்க். அவர் பிறந்ததும் இங்கிலாந்திலேதான். அவ்வாண்டு மே 3ஆம் நாள் அவரைச் சுட்டுக்கொன்றனர். ஐரிஷ் மொழியில் அவர் பெயரை எழுதுவோர் தோமாஸ் ஓ கிளேரி என்றே எழுதுகின்றனர்.